ஒரு திரி எரியும் நேரம்

நான் சொல்லப்போவதில் முக்கியமான காட்சியை நான் பார்க்கவில்லை, அம்மா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது நடந்தபோது நான் ஆற்றூரில், கல்லூரி விடுதியில், கடைசித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கருவாசலில் சாம்பல் சலிக்கிற பூவாயி அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தை கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள். அதனால் மூன்று வெவ்வேறு நாட்களில், முன்னால் கேட்டதே இல்லை என்பது போலப் போய் உட்கார்ந்து மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் மாறாமல் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன். அதைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

கரை சேர அரை நாள் ஆகும் என்றார் பரிசல்காரர். உங்களுக்கு அலுப்பாக இருந்தால் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன்.

காலை அப்படி இழுத்துக்கொள்ள வேண்டாம். பரிசலுக்குள் எல்லார் காலும் நனைந்துதான் கிடக்கிறது. இங்கே யாருடைய அடி எது என்று என் தாத்தாவே வந்தாலும் படிக்க முடியாது.

செருப்பைக் காலில் போடாமல் மடியில் வைத்திருக்கிறானே என்று பார்க்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

என் தாத்தா குன்றாண்டி. கருவாசல் குன்றாண்டி என்று சொல்லி உங்கள் கழிநாட்டில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவார்களாமே, உண்மையா? சிரிக்கிறீர்கள். அவர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். முப்பத்தொரு வருடம் வாசல் காவலர். மேட்டுநாட்டுக்கு ஏறுகிற எல்லாரும் அவர் முன்னால் செருப்பைக் கழற்றி, கறுப்புக் கல்லில் விரித்த சாம்பலை மிதித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேங்கை மரத்துச் சாம்பல், மூன்று முறை சலித்தது. மிதித்த உடனே பக்கத்தில் ஒரு திரியை ஏற்றுவார்கள். மேட்டுக்காரன் அடி அந்தத் திரி எரிந்து முடிவதற்குள் காய்ந்து பழைய வெள்ளைக்கு வந்துவிடும். உங்கள் ஆட்கள் அடி மறுநாள் வரை கறுப்பாகவே இருக்கும். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் அந்தக் கல்லில் நின்றிருப்பீர்கள். எத்தனை முறை நின்றீர்கள் என்று கேட்க மாட்டேன்.

உங்கள் ஆட்களை நாங்கள் ஈரக்கால் என்று சொல்வோம். ஈரடியார் என்பதுதான் மரியாதையான சொல். கல்லூரியில் கற்றுக்கொண்டேன். இருந்தாலும் பேசும்போது பழைய சொல் வந்துவிடுகிறது. மன்னிக்க வேண்டும்.

ஈரக்கால் மூன்று தரம் நடந்த வீட்டில் தானியம் பூஞ்சணம் பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தாத்தாவுக்கு அது வெறும் நம்பிக்கை அல்ல, சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி உண்மை. கருவாடு கொண்டுவருகிற உங்கள் ஆட்கள் பகலில் ஏறலாம், பொழுது சாய்வதற்குள் இறங்க வேண்டும். அவர்கள் இறங்கிப் போன பிறகு நடந்த இடமெல்லாம் நெருப்புக் கங்குகளை வாரிப் போட்டுத் தேய்ப்பார். "இவன் போன தடத்துல நெல்லு நாத்து நடலாம்டா," என்பார். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பொய் சொல்வானேன், நல்ல சிரிப்பாகத்தான் சிரித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் குதிரில் மட்டும் இருபது வருடத்தில் ஒரு மணி கெட்டதில்லை. ஊரில் அத்தனை வீட்டிலும் அடைமழைக்குப் பிறகு ஒரு கூடையாவது கொட்டுவார்கள், எங்கள் வீட்டில் கிடையாது. குன்றாண்டி வீடு அவ்வளவு உலர்ந்த வீடு என்று ஊரே சொல்லும்.

எனக்கு அப்பா அம்மா இல்லை. ஆற்றங்கரைச் சந்தைக்கு வேலைக்குப் போன இடத்தில், எனக்கு எட்டு மாதமாக இருந்தபோது இரண்டு பேரும் காய்ச்சலில் போய்விட்டார்கள். தாத்தா இறங்கிப் போய் என்னைத் தூக்கி வந்தார். அந்தக் காய்ச்சல் எனக்கும் இருந்ததாம். அதனால் என் பாதம் பாளம் பாளமாக வெடிக்கும் என்பார். தினமும் விடிந்ததும் குங்கிலியத்தை ஒரு சின்ன வெண்கலக் கிண்ணத்தில் உருக்கி எடுத்துக்கொண்டு வருவார். "காலை நீட்டு அய்யா," என்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் அய்யாதான். கட்டை விரலால் தொட்டுத் தொட்டுக் குதிகால், விரலிடுக்கு, ஓரம் எல்லாம் தடவுவார். பிறகு குனிந்து ஊதுவார். காய்கிறவரை ஊதுவார். எங்கள் பக்கத்தில் ஒரு ஆம்பளை இன்னொருத்தர் காலைத் தொடுவதே கேவலம், அம்மா. ஊரே நடுங்குகிற மனிதர், தினமும் தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்துக்கொண்டு ஊதுவார்.

மேட்டில் பிள்ளைகள் எல்லாம் வெறுங்காலில்தான் திரியும். நான் ஒருவன்தான் செருப்பு, அதுவும் உள்ளே கம்பளி தைத்த செருப்பு. "என் பேரன் கால் மண்ணுல படக்கூடாது," என்பார். விசேஷ வீட்டு வாசலில் சாம்பல் விரித்திருந்தால் என்னைத் தூக்கிக்கொண்டு தாண்டிவிடுவார். பத்து வயதில்கூடத் தூக்கினார். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் பெருமையாகவும் இருக்கும். அவ்வளவு செல்லம் யாருக்குக் கிடைத்தது?

வாசல் காவலர் குடும்பங்களில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அதுவும் வாசல் சட்டம். ஆற்றூரில் நான்கு வருடம் படித்தேன். எல்லாரையும் விட ஒரு எழுத்துத் தவறு கூடுதலாகச் செய்துவிடுவேனோ என்று பயந்து பயந்து படித்தேன். எதையும் இரண்டு முறை பார்ப்பேன். மாதம் ஒரு குங்கிலிய டப்பா தாத்தாவிடமிருந்து வந்துவிடும். நானே பூசிக்கொள்வேன். பழகிவிட்டது, பல் தேய்க்கிற மாதிரி. விடுமுறைக்கு ஊர் வரும்போது தாத்தா ஆற்றங்கரை வரை இறங்கி வந்து நிற்பார். என் தோளில் கை போட்டு வாசலைக் கடத்திக் கூட்டிப்போவார். குன்றாண்டி பேரனைச் சாம்பலில் நிற்கச் சொல்ல யாருக்குத் தைரியம்?

இப்போது அந்தக் காட்சிக்கு வருகிறேன்.

போன காற்றுக்காலத்தில் மேட்டுநாட்டுச் சபை ஒரு உத்தரவு போட்டது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஈரடியாரும் காவலராக இருக்க வேண்டும், தீர்ப்பு நியாயமாக இருக்கும் என்று. கருவாசலுக்குச் சேந்தன் என்று ஒருவன் வந்தான். நாற்பது வயது இருக்கும். முன்பு ஆற்றங்கரையில் பரிசல் ஓட்டியவன். பத்து வருடமாக இந்த வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தானாம், கருவாசலுக்குத்தான் வேண்டும் என்று கேட்டு.

தாத்தா அவனுக்கு நாற்காலி போடவில்லை. வாசலிலிருந்து கல் வரைக்கும் சாக்கு விரித்து, அதன் மேல்தான் நடக்க வேண்டும் என்றார். சேந்தன் சாக்கைப் பார்த்தான், தாத்தாவைப் பார்த்தான்.

"பெரியவரே, சாக்கு நனைஞ்சா சாக்க மாத்தணுமா, ஆள மாத்தணுமா?" என்றானாம்.

பூவாயி அத்தை சிரித்துவிட்டாள். தாத்தா அவளைப் பார்த்த பார்வையில் சல்லடை கைநழுவி விழுந்ததாம்.

நாற்பது நாள் இப்படியே போனது. அவன் எதற்கும் கோபப்படவில்லை என்றாள் அத்தை. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டானாம்: "உங்க பேரன் படிக்கிறாராமே. காலு எப்படி இருக்கு இப்ப?" தாத்தா எழுந்து போய்விட்டார். மூன்று முறையும் இந்தக் கேள்வி மாறாமல் வந்தது. நக்கல் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் காலைப் பற்றிக் கேட்க இவன் யார்?

நாற்பத்தோராவது நாள் உங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். புருஷன் மேட்டுக்காரன், மேலே சுண்ணாம்புச் சூளையில் வேலை. அப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சட்டம் ஒன்றுதான். அடி காய்ந்தால் மேட்டுக்குடி, காயாவிட்டால் இறங்க வேண்டும். தாத்தா குழந்தையின் இரண்டு காலையும் பிடித்துச் சாம்பலில் அழுத்தினார். திரி ஏற்றினார்கள். எரிந்து முடிந்தது. அடி கறுப்பாகவே இருந்தது.

"ஈரம். எறங்கு," என்றார் தாத்தா.

அவள் அழவில்லை. "அய்யா, அவரு சூளையில விழுந்து படுத்துக் கிடக்காரு. புள்ளைய ஒருக்க காட்டிட்டு எறங்கிடறேன்," என்றாள்.

"சூளை ரெண்டு நாள் வழி, பகல்ல ஏறி பொழுதோட எப்படி எறங்குவ? நீ அங்கயே தங்கிடுவ. எத்தனை பேரப் பாத்திருக்கேன். எறங்கு."

அப்போதுதான் சேந்தன் சாக்கை விட்டு இறங்கி வெறும் கல்லில் நடந்து வந்தான். வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். எல்லார் முன்னாலும் சொன்னான்:

"பெரியவரே, ஒரு புள்ளைக்குப் பொய்யா எழுதினீங்க. இதுக்கும் எழுதுங்க."

தாத்தா எழுந்தார். திரும்பி அவனை அறைந்திருந்தால்கூட ஊர் விட்டிருக்கும். எழுதுகோலைப் பதிவேட்டின் மேல் வைத்தார். கழுத்தில் இருந்த வாசல் வில்லையைக் கழற்றிக் கல்லில் வைத்தார். வீட்டுக்கு நடந்து போய்விட்டார். பிறகு வாசல் பக்கமே வரவில்லை.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? தெரியவில்லை, அம்மா. அத்தை மூன்று முறையும் மூன்று விதமாகச் சொன்னாள். உண்மையில் நான் அதை அப்போது கேட்கவே இல்லை. எனக்கு என் தாத்தாவைப் பற்றித்தான் கவலை.

பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் வந்தேன். ஆற்றங்கரையில் தாத்தா இல்லை. அத்தைதான் வந்திருந்தாள். அவளே கூட்டிப்போனாள். எங்கள் வீட்டு வாசலில் யாரோ தினமும் ஒரு கைச் சாம்பலைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். பொய்ச்சாம்பல் குன்றாண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். முப்பத்தொரு வருடம் ஒரு அடியைத் தப்பாகப் படிக்காத மனிதரை! தாத்தா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பட்டத்தைக் கேட்கவில்லை. காலைப் பார்த்தார்.

"குங்கிலியம் பூசினியா?" என்றார்.

"பூசினேன் தாத்தா. அவன் சொன்னது பொய்தானே?"

"விடாமப் பூசு."

"தாத்தா, பொய்தானே?"

"அவன விட்டுடு அய்யா," என்றார். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஈரக்காலோடு வழக்காடுவதே தனக்கு இழுக்கு என்று நினைக்கிறார், அவ்வளவு பெரிய மனசு, என்று எடுத்துக்கொண்டேன். பதினோரு நாளில் போய்விட்டார். கடைசி நாள் காலையிலும் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னார். கட்டை விரல் நடுங்கியது. ஊத மூச்சில்லை. நான்தான் காலை மடக்கி ஊதிக்கொண்டேன்.

காவலர் செத்தால் வாசலை மூடி, ஊரே தோள் கொடுத்துத் தூக்கிப்போகும். தாத்தாவுக்கு நான்கு பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவன் சேந்தன். ஆம், வந்தான். தூரத்தில் நின்றான். கல்லெடுத்து எறிந்தேன். முழங்காலில் பட்டது. நகரவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன், அம்மா. கல்லால் அடித்தால் ஒரு நாளில் ஆறிவிடும். நான் படித்தவன். படித்தவன் அடிக்கிற மாதிரி அடிப்பேன் என்று முடிவு செய்தேன்.

வாசல் சட்டத்தில் பதினெட்டாம் விதி. காவலர் ஒருவர் இன்னொரு காவலரின் தீர்ப்பைப் பொய் என்று பலர் முன் சொன்னால், பொய்யாகத் தீர்ப்புப் பெற்ற ஆளைக் கூட்டிவந்து சாம்பலில் நிறுத்திக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், படகுக்குப் பூசுகிற கீலைக் காய்ச்சிப் பாதத்தில் பூசி, வாசலை விட்டு ஆயுளுக்கும் இறக்கிவிட வேண்டும். காட்டினால், காட்டப்பட்ட ஆளுக்கு மேட்டில் கிடைத்தது எல்லாம் செல்லாது. வீடு, வேலை, பட்டம், எல்லாம். அந்த ஆளும் அன்றே இறங்க வேண்டும். இதுவரை யாரும் அந்த விதியைப் பயன்படுத்தியதில்லை. தேர்வில் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. முழு மதிப்பெண் வாங்கினேன்.

மனு எழுதினேன். ஒன்பது முறை திருத்தினேன். சாட்சிக்கு முப்பத்தொரு வருடப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்தேன். கைக்குழந்தைகள் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு காவலர் கைக்குறி இருக்க வேண்டும், இரண்டு பேர் பார்த்தால்தான் செல்லும். நானூற்றுப் பதினொன்றுக்கு இருந்தது.

ஒன்றுக்கு இல்லை. "ஆண், எட்டு மாதம், உலர்ந்தது." தாத்தா கையெழுத்து மட்டும். இரண்டாவது கைக்குறிக்கான இடம் காலி. அது என் பதிவு.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சொந்தப் பேரனைத் தூக்கிவருகிற மனிதர் இன்னொருத்தனைக் கூப்பிட்டுக் காட்டவா செய்வார், துக்கத்தில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் சபையில் யாராவது கேட்டால் மனு பலவீனப்படும். அதனால் அந்தப் பக்கத்தை வாசிக்காமல் தாண்டினேன். நான் தெரிந்து செய்த ஒரே கள்ளத்தனம் அது. யாரும் கேட்கவில்லை.

சேந்தன் கேட்டிருக்கலாம். பதிவேட்டை அவன் நாற்பது நாள் பக்கத்தில் வைத்திருந்தவன்.

விசாரணை கருவாசலிலேயே நடந்தது, நல்ல வெயில். சபையிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். ஊர் மொத்தமும் வந்திருந்தது. நான் நின்று பேசினேன்.  

"எந்தக் குழந்தை?" என்றேன்.

சேந்தன் என்னைப் பார்த்தான்.

"எந்தக் குழந்தை என்று சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் வருடம் சொல்லுங்கள்."

"சொல்ல மாட்டேன்."

"தெரியாதா, சொல்ல மாட்டீர்களா?"

"தெரியும் தம்பி. சொல்ல மாட்டேன்."

சட்டப்படி மூன்று முறை கேட்க வேண்டும். மூன்றாவது முறை கேட்கும்போது எனக்குள் ஒரு இனிப்பு ஊறியது, அம்மா. உண்மையைத்தான் சொல்கிறேன். அவன் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். ஊர் கத்தியது. "குன்றாண்டி பேரன்டா!" என்றான் ஒருவன். நேற்று வரை எங்கள் வாசலில் சாம்பல் கொட்டியவன் அவன்தான்.

அங்கேயே கீல் காய்ச்சினார்கள். நான் நகராமல் நின்று பார்த்தேன். மனுதாரர் நிற்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நான்தான் நின்றேன். உங்கள் ஆட்களின் பாதம் மூச்சுவிடும், கீல் அடைத்தால் புழுங்கி வெடிக்கும் என்று அத்தை அப்போதுதான் சொன்னாள். சொன்ன பிறகும் நின்றேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். தாத்தாவின் நடுங்கிய கட்டை விரலை நினைத்துக்கொண்டேன். இன்னும் ஒரு கை அள்ளிப் பூசினால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

இறக்கிவிடும்போது என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நின்றான். என் காலைப் பார்த்தான். கம்பளி தைத்த செருப்பை.

"செருப்பக் கழட்டிடாத தம்பி. தரை சுடுது," என்றான்.

அந்த நிலையிலும் நக்கலைப் பார் என்று நினைத்தேன். காறித் துப்பினேன். என்மேல் அவனுக்குக் கோபமே இல்லாத மாதிரி ஒரு முகம். அதுதான் என் வெறியை இன்னும் கிளப்பியது. குதிகாலை ஊன்றாமல், விரல் நுனியில் நடந்து இறங்கினான். அவன் போன தடத்தில் ஒரு அடிகூட விழவில்லை.

அன்று சாயங்காலம் வரை நன்றாக இருந்தது எனக்கு. பூவாயி அத்தை வரவில்லை. மறுநாள் அவள் வீட்டுக்கு நானே போனேன். அவள் சல்லடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"ஜெயிச்சுட்டோம் அத்தை," என்றேன்.

"ம்."

"என்ன, ம்?"

"தம்பி, நா ஒண்ணு கேக்கறேன். கோவிக்கக் கூடாது. இத்தன வருசமா நா சாம்பல் சலிக்கறேன். ஊர்ல அத்தன பேரு அடியையும் பாத்திருக்கேன். உன் அடிய மட்டும் பாத்ததே இல்ல. நீ எப்பவாச்சும் வெறுங்காலோட சாம்பல்ல நின்னிருக்கியா?"

"எதற்கு நிற்க வேண்டும்? நான் குன்றாண்டி பேரன்."

"ஆமா," என்றாள். "அவன் அக்கா மவன் ஒருத்தன் மேல இருக்கான்னு சேந்தன் சொல்லிட்டிருப்பான். ஒருக்க அவன் நடக்கறதப் பாத்துட்டாப் போதும்னு சொல்லுவான்." சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இதை அவள் ஒரு முறைதான் சொன்னாள். இரண்டாவது முறை கேட்க நான் போகவில்லை. அதனால் சேந்தன் எனக்கு என்ன வேண்டும் என்று நான் உங்களிடம் சொல்ல முடியாது. சரிபார்க்காத ஒன்று அது. உங்கள் ஊரில் கீல்கால்காரர் என்று ஒருவர் ஓடத்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறாராமே. அவரிடம்தான் கேட்க வேண்டும். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல்தான் காலையிலிருந்து இந்தப் பரிசலில் வாயசைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் என்ன தம்பி என்று கேட்டீர்கள்.

கோபம் போய்விட்டதா என்கிறீர்களா? போகவில்லை, அம்மா. இடம்தான் மாறியிருக்கிறது. வைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். என் தாத்தாவை எழுப்பி நிற்கவைத்துப் பதினெட்டாம் விதியைப் படிக்க வேண்டும் போல இருக்கிறது. அந்தக் கைக்குழந்தையை இறங்கு என்று சொன்ன அதே வாயால்தானே தினமும் என் காலை ஊதினீர்கள், எப்படி முடிந்தது உங்களால், என்று கேட்க வேண்டும். மூன்று முறை கேட்க வேண்டும். பதில் சொல்ல மாட்டார். குங்கிலியம் பூசினியா என்பார். நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். கடிக்கும்போதே அவர் மூச்சு பாதத்தில் படுகிற மாதிரி இருக்கிறது. அதற்கு மேல் அவரைத் திட்ட முடியவில்லை.

சரி, கடைசியாக ஒன்று. இது மட்டும் கேள்விப்பட்டது இல்லை, நானே பார்த்தது.

ஆற்றூருக்கு வேலைக்குத் திரும்பினேன். தாத்தா அனுப்பிய கடைசி டப்பா தீர்ந்தது. புதிது வாங்கவில்லை. பன்னிரண்டு நாள் விட்டேன். பாதம் வெடிக்கவில்லை. பதிமூன்றாம் நாள், விடுமுறை, உச்சிப்பொழுது, அறைக்கதவைச் சாத்தினேன். வேங்கை விறகு வாங்கி எரித்து வைத்திருந்தேன். மூன்று முறை சலித்தேன். ஜன்னலடியில் வெயில் விழுகிற கல்லில் விரித்தேன். சாம்பலில் கோளாறு இருக்கக் கூடாது என்று முதலில் பக்கத்து அறைக்காரனைக் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னேன். அவன் மேட்டுக்காரன். அரைத் திரியில் காய்ந்துவிட்டது. அவனை அனுப்பிவிட்டு, மடியில் இருக்கிற இந்தச் செருப்பைக் கழற்றி நான் மிதித்தேன்; அதற்குப் பிறகு இதைக் காலில் போடவே இல்லை. திரி ஏற்றினேன். அது முடிந்ததும் இன்னொன்று. என்னிடம் ஒரு கட்டு இருந்தது, நாற்பத்திரண்டு திரி. மறுநாள் உச்சிப்பொழுதில் கட்டு தீர்ந்தது. குனிந்து என் அடியில் விரலை வைத்துப் பார்த்தேன். விரல் நனைந்தது.